குறையைக் காட்ட ஸ்கிரீன்ஷாட் போட்டால் பதிப்புரிமை மீறலா?

ஒரு பயிற்சி அரங்கம் என்று வைத்துக்கொள்வோம். சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஏதோ ஒரு மென்பொருள் நிறுவனம். முப்பது இளம் டெவலப்பர்கள், டிசைனர்கள். பயிற்சி கொடுக்கும் பெண் லேப்டாப் திரையை இருட்டாக்கிவிட்டு ஒலியை மட்டும் கூட்டுகிறார். உண்மையான ஒரு வங்கியின் பணப் பரிமாற்றப் பக்கத்தை ஸ்கிரீன் ரீடர் வாசிக்கத் தொடங்குகிறது: “பட்டன். பட்டன். லிங்க். படம். பட்டன்.” எது பணம் அனுப்பும் பட்டன், எது ரத்து செய்யும் பட்டன்? யாருக்கும் தெரியவில்லை. பார்வையற்ற ஒருவர் தினமும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அந்த ஒரு நிமிடத்தில் முப்பது பேருக்கும் உறைத்துவிடுகிறது.

அதே பயிற்சியை வீடியோவாக வெளியிடலாம் என்று முடிவாகி, ஸ்லைடுகள் சட்டப் பிரிவுக்குப் போகின்றன. “வேற கம்பெனி வெப்சைட்டை எடுத்துப் போட்டிருக்கீங்க. காப்பிரைட் பிரச்சினை வரும், எடுத்துடுங்க மேடம்” என்று பதில் வருகிறது. அவரும் எடுத்துவிட்டு, ‘ஏபிசி வங்கி’ என்று ஒரு பொம்மைத் தளம் கட்டி அதில் அதே தவறுகளை வைக்கிறார். அடுத்த வகுப்பில் முதல் வரிசையில் இருந்தே கேள்வி வருகிறது: “இவ்வளவு மோசமா யாரு மேடம் சைட் கட்டுவாங்க?”

எல்லோரும்தான் கட்டுகிறார்கள். அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் உலகின் முன்னணி 10 லட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிக் கருவியால் சோதிக்கிறது. 2025 அறிக்கைப்படி 94.8 சதவீதப் பக்கங்களில் சர்வதேச அணுகல் வழிகாட்டு நெறிகளை மீறும் பிழைகள் இருந்தன. ஒரு பக்கத்துக்குச் சராசரியாக 51 பிழைகள். பின்னணியோடு கலந்து மங்கிப்போகும் எழுத்து, விவரிப்பு இல்லாத படம், பெயரில்லாத பட்டன், எதை நிரப்புவது என்று சொல்லாத படிவக் கட்டம் என்று அதே சில தவறுகள்தான் வருடாவருடம் பட்டியலின் மேலே நிற்கின்றன. கருவி கண்டுபிடிக்கக்கூடிய பிழைகளின் கணக்கு மட்டும்தான் இது. மனிதர் உட்கார்ந்து சோதித்தால் இன்னும் கூடும்.

பிழை இவ்வளவு பொதுவாக இருந்தும், அதைக் காட்டிப் பேச உண்மையான உதாரணம் போட எல்லோரும் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கத்துக்குச் சட்டத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தால், பலர் நினைப்பதைவிடக் குறைவு. ஆனால் கவனம் வேண்டிய இடங்களும் உண்டு. அவை பெரும்பாலும் யாரும் பயப்படாத இடங்களில் இருக்கின்றன.

பொம்மைத் தளம் ஏன் போதாது?

வெப் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பே ‘முன்பும் பின்பும்’ என்ற தன் செயல்விளக்கத்துக்கு ‘சிட்டிலைட்ஸ்’ என்ற கற்பனைத் தளத்தைத்தான் வைத்திருக்கிறது. தவறான பக்கம் ஒன்று, திருத்திய பக்கம் ஒன்று. பாடம் கற்க அது நல்ல வழி. யாரையும் சங்கடப்படுத்தாது, பதிப்புரிமைச் சிக்கலும் இல்லை.

ஆனால் இந்தியாவில் இப்போது நடப்பது பாடம் கற்பது மட்டும் இல்லை. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அமிலத் தாக்குதலில் முகமும் கண்களும் பாதிக்கப்பட்டவர்களும், பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. டிஜிட்டல் கே.ஒய்.சி. செய்யும்போது “கண்ணைச் சிமிட்டுங்கள்” என்று கேட்கும் செயலியிடம், சிமிட்ட முடியாதவர் என்ன செய்வார்? இதுதான் வழக்கின் மையம். அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2024 நவம்பரில், ராஜீவ் ரதூரி வழக்கில் மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளின் 15-வது விதி சட்டத்துக்கு முரணானது என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. அணுகல் தரநிலைகளைக் கட்டாயமாக்காமல் வெறும் பரிந்துரை போல வைத்திருந்ததுதான் காரணம்.

புகார், ஆடிட், செய்தி என எதுவாக இருந்தாலும் கேட்கப்படும் முதல் கேள்வி, “எந்தத் தளம்? எந்தப் பக்கம்? காட்டுங்க” என்பதுதான். அங்கே சிட்டிலைட்ஸ் உதவாது.

ஒரு பக்கம், பல முதலாளிகள்

முதலில் ஒரு சொல் குழப்பம். ‘காப்புரிமை’ என்று பேச்சில் சொல்லப்படுவது பல நேரம் கண்டுபிடிப்புக்கான பேடன்ட். இங்கே விஷயம் பதிப்புரிமை, அதாவது காப்பிரைட். இந்தியாவில் இதற்கு 1957-ம் ஆண்டுச் சட்டம். 2012-ல் பெரிய அளவில் திருத்தப்பட்டது.

ஒரு வெப்சைட் பக்கம் ஒற்றைப் படைப்பு மாதிரி தெரியும். பிரித்துப் பார்த்தால் ஒரு கூட்டுக் குடும்பம். எழுத்து ஒருவருடையது. புகைப்படம் பெரும்பாலும் ஏதோ ஒரு பட ஏஜென்சியிடம் உரிமத்துக்கு வாங்கியது. லோகோவுக்கு வர்த்தகச் சின்னச் சட்டம் தனி. பின்னால் ஓடும் நிரல் வேறொரு நிறுவனம் எழுதியதாக இருக்கலாம். ஸ்கிரீன்ஷாட் எடுப்பது சட்டத்தின் பார்வையில் இவை அத்தனைக்கும் ஒரே நேரத்தில் நகல் எடுப்பது.

அதே சமயம் எல்லாவற்றுக்கும் உரிமையாளர் கிடையாது. மேலே மெனு, வலது மூலையில் தேடல் கட்டம், கீழே தொடர்பு விவரம் என்ற ஏற்பாடு யாருக்கும் சொந்தமில்லை. யோசனைக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1978-ல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கிலேயே தெளிவாக்கிவிட்டது. “இந்த வகைப் படிவத்தில் லேபிள் வைக்காமல் விடுகிறார்கள்” என்று விவரித்துச் சொல்ல யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். கேள்வி வருவது அந்தப் படிவத்தின் படத்தையே காட்டும்போதுதான்.

அமெரிக்காவில் ஒரு பேச்சு, இங்கே ஒரு பேச்சு

“அதெல்லாம் ஃபேர் யூஸ் ப்ரோ” என்ற பதில் இணையத்தில் சர்வசாதாரணம். அது அமெரிக்கச் சட்டத்தின் சொல். அங்கே 107-வது பிரிவு நான்கு விஷயங்களை எடைபோடச் சொல்கிறது. எதற்காக எடுத்தீர்கள், எடுத்தது எந்த மாதிரிப் படைப்பு, எவ்வளவு எடுத்தீர்கள், அதனால் மூலப் படைப்பின் சந்தை கெடுமா? எந்த வகைப் பயன்பாடும் இந்தத் தராசில் ஏறலாம். கதவு திறந்தே இருக்கும். உள்ளே விடுவதா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்.

இந்தியச் சட்டத்தில் இருப்பது ஃபேர் டீலிங், நியாயமான கையாளல். இங்கே கதவுகள் எண்ணி வைக்கப்பட்டிருக்கின்றன. 52(1)(ஏ) பிரிவில் மூன்று: ஆராய்ச்சி உள்ளிட்ட தனிப்பட்ட பயன்பாடு, அந்தப் படைப்பையோ வேறொரு படைப்பையோ பற்றிய விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்பு நிகழ்வுகளைச் செய்தியாக்குவது. உங்கள் பயன்பாடு இதில் ஏதாவது ஒன்றுக்குள் வர வேண்டும். வந்த பிறகுதான் ‘நியாயமானதா?’ என்ற கேள்வியே.

ஒரு வெப்சைட்டின் அணுகல் குறையைப் படம் போட்டுக் காட்டுவது இரண்டாவது கதவுக்கு நேராக நிற்கிறது. படைப்பையே எடுத்துவைத்து, அதன் குறையைச் சொல்வதுதானே விமர்சனம்? சினிமா விமர்சனத்தில் ஒரு காட்சியின் படத்தைப் போட்டு “ஒளிப்பதிவு சரியில்லை” என்று எழுதுவதற்கும், கட்டணப் பக்கத்தின் படத்தைப் போட்டு “வெளிர் சாம்பல் எழுத்து வெள்ளைப் பின்னணியில் தெரியவில்லை” என்று எழுதுவதற்கும் சட்டத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

எது நியாயம் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. தோப்பில் பாசியின் ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ 1952-ல் கேரளத்தையே உலுக்கிய நாடகம். அதை விமர்சித்து சிவிக் சந்திரன் ஓர் எதிர் நாடகம் எழுதினார். மூலத்தின் பாத்திரங்களும் வசனங்களும் அதில் தாராளமாக வந்தன. பதிப்புரிமை வைத்திருந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1996-ல் கேரள உயர் நீதிமன்றம் எதிர் நாடகத்தை நிறுத்திவைக்க மறுத்தது. எவ்வளவு எடுத்தார்கள், அது விமர்சனத்தோடு எப்படிப் பொருந்துகிறது, எதற்காக எடுத்தார்கள், மூலத்தோடு போட்டி போடுகிறதா என்றெல்லாம் பார்த்தது. விமர்சிக்க எடுத்தார்கள், மூல நாடகத்தின் இடத்தைப் பிடிக்க எடுக்கவில்லை என்பதே முடிவாக நின்றது.

இந்தக் கேள்விகளை ஸ்கிரீன்ஷாட்டிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு வங்கிப் பக்கத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, “எனக்கு இனி அந்த வங்கியின் தளம் தேவையில்லை” என்று யாரும் போய்விட மாட்டார்கள். படத்தில் பணம் அனுப்ப முடியாது. சந்தைப் போட்டி என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது.

வீடியோவுக்கும் இதே தர்க்கம்தான். 2017-ல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், கிளைன் என்ற யூடியூப் தம்பதி 5 நிமிடம் 24 விநாடி ஓடும் ஒருவரின் வீடியோவிலிருந்து 3 நிமிடம் 15 விநாடியை எடுத்துக் கிண்டலும் விமர்சனமுமாகப் பேசியிருந்தார்கள். பாதிக்கு மேல்! ஆனாலும் நீதிமன்றம் அதை நியாயப் பயன்பாடு என்றது. கொஞ்சம் காட்டுவது, நிறுத்துவது, அதைப் பற்றிப் பேசுவது, மறுபடி கொஞ்சம் காட்டுவது என்றே அந்த வீடியோ முழுக்கப் போயிருந்தது. ஸ்கிரீன் ரீடரோடு ஒரு தளத்தில் நடந்துகாட்டும் செயல்விளக்க வீடியோவும் இயல்பாகவே இப்படித்தான் இருக்கும். அமெரிக்கத் தீர்ப்பு இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ‘எத்தனை விநாடி வரை ஓகே?’ என்று எண் தேடுகிறவர்களுக்கு அது ஒரு பதில். அப்படி ஓர் எண் இரு நாட்டுச் சட்டத்திலும் இல்லை.

படம் பேச்சோடு ஒட்டியிருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. பட்டன் பற்றிப் பேசினால் பட்டன் இருக்கும் பகுதியைக் காட்டுங்கள். பக்கத்தில் பளிச்சென்று ஒரு விளம்பர நடிகையின் படம் இருந்தால், அதைப் பற்றிப் பேச எதுவும் இல்லை என்றால், மங்கலாக்கிவிடுவது நல்லது. அந்தப் படத்தின் உரிமை வங்கியிடமே இல்லாமல் இருக்கலாம். அதே ஸ்கிரீன்ஷாட்டை “எங்கள் சேவைகள்” என்ற விற்பனைப் பக்கத்தில் அழகுக்கு ஒட்டினால் கதை மாறிவிடும். அங்கே விமர்சனம் இல்லை, அலங்காரம்தான் இருக்கிறது.

வகுப்பறைக்குள் இன்னொரு கதவு

ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் படைப்பை நகலெடுக்க 52(1)(ஐ) இடம் தருகிறது. இதன் எல்லையைத் தொட்ட வழக்கு, டெல்லி பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஷ்வரி ஜெராக்ஸ் கடை வழக்கு. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் பாடத் தொகுப்பு நகல்களுக்கு எதிராக வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் தனி நீதிபதியும், டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் ‘கற்பித்தலின் போக்கில்’ என்பதை விரிவாகவே படித்தார்கள். ஆசிரியர் வகுப்பில் நின்று பேசும் அந்த ஒரு மணி நேரம் மட்டுமே கற்பித்தல் ஆகாது என்றது அமர்வு. 2017-ல் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டன.

ஆகவே அண்ணா பல்கலைக்கழக வகுப்பறையோ, கோவையில் ஒரு கலைக் கல்லூரியோ, அங்கே ஓர் ஆசிரியர் உண்மையான தளத்தைத் திறந்து வைத்துக் குறைகளைப் பிரித்துக்காட்டினால் கவலைப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் தலைக்கு இவ்வளவு ரூபாய் என்று கட்டணம் வாங்கும் கார்ப்பரேட் பயிற்சியாளர் இந்தப் பிரிவை மட்டும் நம்பி நிற்பது புத்திசாலித்தனம் இல்லை. அந்தத் தீர்ப்பு பல்கலைக்கழகத்தைப் பற்றியது. அவர் ‘விமர்சனம்’ என்ற காலையும் ஊன்றிக்கொள்ள வேண்டும்.

ஆபத்து இருப்பது ‘பின்பு’ படத்தில்

‘முன்பு’ படத்தைக் காட்டப் பயப்படுகிறவர்கள், விசித்திரமாக, ‘பின்பு’ விஷயத்தில் துணிச்சலாக இருக்கிறார்கள். ஆர்வமுள்ள ஓர் இளைஞர் ஒரு ரயில், பஸ் டிக்கெட் தளத்தின் முழுப் பக்கத்தையும் படம், எழுத்து, நிரல் எல்லாவற்றோடும் இறக்கி, பிழைகளைத் திருத்தி, “பாருங்க, இரண்டு நாளில் சரிபண்ணிட்டேன்” என்று தன் சர்வரில் ஏற்றிவிடுகிறார். நோக்கம் நல்லது. கைத்தட்டும் கிடைக்கும். ஆனால் சட்டம் உண்மையில் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது இதைத்தான்.

விமர்சிக்க ஒரு பகுதி போதும் என்ற இடத்தில் இங்கே முழுப் படைப்பும் எடுக்கப்பட்டிருக்கிறது. அதோடு திருத்தவும்பட்டிருக்கிறது. திருத்தி வேறு வடிவம் தரும் உரிமையும் படைப்பின் உரிமையாளருடையது. பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் வேறு இருக்கிறது. பதிப்புரிமையைவிடப் பெரிய தலைவலி இன்னொன்று உண்டு. வங்கி அல்லது டிக்கெட் தளத்தை அச்சு அசலாக நகலெடுத்து, லாகின் கட்டத்தோடு இன்னொரு முகவரியில் வைத்தால், அது பிஷிங் மோசடித் தளம் போலவேதான் இருக்கும். பிரவுசர்கள் சிவப்பு எச்சரிக்கை காட்டும். சைபர் கிரைம் புகார் வந்தால், “அணுகல்தன்மையை விளக்கத்தான் சார்” என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையும் உலவுகிறது. 2012 திருத்தத்தில் சேர்ந்த 52(1)(இசட்.பி) பிரிவு, மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவத்தில் எந்தப் படைப்பையும் மாற்றித்தர எவரையும் அனுமதிக்கிறது. பார்வையற்றோருக்குப் புத்தகங்கள் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகிலேயே முதலில் அங்கீகரித்த நாடு இந்தியா. அந்த உடன்படிக்கைக்கு முன்பே வந்த நல்ல பிரிவு இது. “அப்போ திருத்திய தளத்தை நாமே போடலாமே?” என்று சிலர் இதைக் கையில் எடுக்கிறார்கள். பிரிவு சொல்வது, மாற்றுத்திறனாளிகள் அந்தப் படைப்பை அணுக உதவுவதற்கான நகல் பற்றி. பார்வையற்ற நண்பர் ஒருவர் படிக்க முடியாத ஒரு கட்டுரையை அவர் படிக்கும்படி மாற்றிக்கொடுத்தால் அது அழகாகப் பொருந்தும். டெவலப்பர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் திறமையைக் காட்டப் போட்ட நகலுக்கு அந்தக் குடை போதாது.

‘பின்பு’வைக் காட்ட வேறு வழியே இல்லையா? தாராளமாக இருக்கிறது. குரோம், ஃபயர்பாக்ஸ் எதிலும் உள்ள டெவலப்பர் கருவியைத் திறந்து, உங்கள் கணினியில் ஏறியிருக்கும் பக்கத்திலேயே நிரலை மாற்றலாம். பட்டனுக்கு ஒரு பெயர் கொடுங்கள், எழுத்தின் நிறத்தை அடர்த்தியாக்குங்கள், ஸ்கிரீன் ரீடரை மறுபடி ஓட விடுங்கள். “பட்டன்” என்றது இப்போது “பணம் அனுப்பு, பட்டன்” என்று சொல்லும். ரிஃப்ரெஷ் செய்தால் மாற்றம் காணாமல் போய்விடும். எங்கேயும் ஒரு நகல் தளம் உருவாகவில்லை. அந்த அரை நிமிடத்தைத் திரைப்பதிவு செய்துகொண்டால் போதும். உண்மையில் முழு நகல் தளத்தைவிட இது நன்றாகவே எடுபடும். திருத்த ஒரே ஒரு வரிதான் தேவைப்பட்டது என்பதைப் பார்ப்பவர் நேரடியாகப் பார்த்துவிடுகிறார்.

அடைப்புக்குள் ஒரு விலக்கு

நிரலைக் காட்டுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வழக்கறிஞர்கள்கூடச் சில நேரம் தவறவிடுவது. 52(1)(ஏ) ‘எந்தப் படைப்பையும்’ நியாயமாகக் கையாளலாம் என்று சொல்லும்போதே, ‘கணினி நிரல் நீங்கலாக’ என்று ஒரு வரியைச் சேர்த்திருக்கிறது. அதாவது எழுத்து, படம், வீடியோ ஆகியவற்றுக்கு உள்ள விமர்சனப் பாதுகாப்பு, நிரலுக்கு அதே பிரிவில் இல்லை. நிரலுக்கென்று தனிக் கதவு 52(1)(ஏ.சி). ஒரு நிரலை அது தரப்பட்ட நோக்கத்துக்கு இயக்கும்போதே, அதன் அடிப்படை யோசனைகளை அறிய அதைக் கவனிக்கவும் ஆராயவும் சோதிக்கவும் செய்யலாம் என்கிறது அது. சோதிக்க இடம் உண்டு, பக்கம் பக்கமாக எடுத்து வெளியிட இல்லை.

நடைமுறையில் இது அவ்வளவு முட்டாது. அணுகல் பிழைகள் பெரும்பாலும் ஒரு வரி, இரண்டு வரி விஷயம். படத்துக்கான டேகில் ஆல்ட் டெக்ஸ்ட் விடுபட்டிருக்கும், அவ்வளவுதான். எழுதினால் யாரும் ஏறத்தாழ அப்படியே எழுதக்கூடிய இத்தகைய வரியில் உரிமை கொண்டாட ஒன்றுமில்லை. ஆயிரம் வரி ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை அப்படியே ஸ்லைடு இணைப்பில் போடுவதுதான் தேவையில்லாத வேலை. பிழையை மட்டும் காட்டும் ஐந்து வரியைச் சொந்தமாக எழுதிப் போட்டாலே பாடம் புரிந்துவிடும்.

“வியூ சோர்ஸ் போட்டுப் பார்ப்பதே ஹேக்கிங் இல்லையா?” என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். சிரிக்க வேண்டாம், ஓர் ஆளுநரே அப்படிச் சொல்லியிருக்கிறார். 2021 அக்டோபரில் அமெரிக்காவின் மிசூரி மாநிலக் கல்வித் துறைத் தளத்தின் எச்.டி.எம்.எல். நிரலுக்குள் ஆசிரியர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள் தெரியும்படி கிடப்பதை ஒரு செய்தித்தாள் நிருபர் கண்டுபிடித்தார். துறைக்குத் தகவல் சொல்லி, அது சரிசெய்யப்படும்வரை காத்திருந்து, அதன் பிறகே செய்தி வெளியிட்டது நாளிதழ். ஆளுநர் மைக் பார்சன் நிருபரை ஹேக்கர் என்று சொல்லி வழக்குப் போடப்போவதாக அறிவித்தார். 2022 பிப்ரவரியில் அரசு வழக்கறிஞர் வழக்கில்லை என்று முடித்துவைத்தார். எந்தப் பிரவுசரும் தானாகவே இறக்கிக்கொள்ளும் நிரலைப் படிப்பது பூட்டை உடைப்பது ஆகாது. ஆனால் அடுத்தவர் கணக்குக்குள் நுழைந்து சோதிப்பது, பூட்டிய பகுதிக்குள் புகுவது ஆகியவை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வேறு கணக்கு. அதற்குப் பதிப்புரிமை விலக்கு எதுவும் துணைக்கு வராது.

பேர் சொல்லிக் குறை சொல்லும்போது

பதிப்புரிமையில் தப்பித்து அவதூறில் மாட்டுவதும் நடக்கும். “இந்த நிறுவனத்துக்குப் பார்வையற்றவர்கள் என்றாலே இளக்காரம்” என்று எழுதினால் அதை எப்படி நிரூபிப்பீர்கள்? “இந்தத் தேதியில், இந்த ஃபோனில், டாக்பேக் போட்டுச் சோதித்தபோது மூன்றாவது திரையில் ‘தொடர்க’ பட்டனுக்குப் பெயர் வாசிக்கப்படவில்லை” என்று எழுதினால் யாரும் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். வெப்சைட் இன்று இருப்பதுபோல நாளை இருக்காது என்பதால் தேதி மிக முக்கியம். நிறுவனம் அடுத்த வாரமே சரிசெய்துவிட்டால், பழைய படத்தைத் தேதியில்லாமல் ஓட்டிக்கொண்டிருப்பது நியாயமும் இல்லை. பக்க முகவரியையும் தேதியையும் படத்தின் கீழேயே எழுதிவிடுவது நல்ல பழக்கம்.

லாகின் செய்த பிறகு எடுக்கும் படங்களில் பெயர், கணக்கு எண், ஃபோன் எண் எதுவும் தெரியக் கூடாது. சோதிப்பவர் தன் எண்ணை மறைத்துவிட்டு, பரிமாற்றப் பட்டியலில் இருக்கும் மற்றவர்களின் பெயர்களை அப்படியே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டுமா? விமர்சனத்துக்கு அனுமதி தேவையென்றால் உலகில் விமர்சனமே இருக்காது. ஆனால் ஒரு மின்னஞ்சல் போட்டு, “இந்தப் பிழை இருக்கிறது, இந்த நாளில் பொதுவெளியில் காட்டப்போகிறேன்” என்று சொல்வது மரியாதை. பல நேரம் பிழை சரியாகிவிடுவதும் உண்டு. கேட்டு மறுத்துவிட்டால் உரிமை போய்விடும் என்ற பயமும் வேண்டாம். அமெரிக்காவில் 2 லைவ் க்ரூ என்ற ராப் குழு ‘ப்ரெட்டி வுமன்’ பாடலைப் பகடி செய்ய அனுமதி கேட்டது, மறுக்கப்பட்டது, ஆனாலும் வெளியிட்டது. 1994-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பயன்பாடு நியாயமானது என்றால் அனுமதி தேவையே இல்லை, கேட்டு மறுக்கப்பட்டது அதற்கு எதிராக நிற்காது என்று சொன்னது.

இன்னொன்று, கொஞ்சம் கூச்சப்பட வேண்டியது. லிங்க்டுஇன்னில் “இந்தத் தளத்தின் படங்களுக்கு ஆல்ட் டெக்ஸ்ட் இல்லை” என்று ஸ்கிரீன்ஷாட்டோடு வரும் பதிவுகள் பலவற்றில், அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கே ஆல்ட் டெக்ஸ்ட் இருப்பதில்லை. யாருக்காகப் பேசுகிறார்களோ அவர்களுக்கு மட்டும் அந்தப் பதிவில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

நோட்டீஸ் வந்துவிட்டால்?

பெரும்பாலும் முதலில் வருவது கோர்ட் ஓலை இல்லை, யூடியூபின் மின்னஞ்சல். “உரிமையாளர் புகாரால் உங்கள் வீடியோ நீக்கப்பட்டது.” இது அமெரிக்காவின் டி.எம்.சி.ஏ. சட்டப்படியான ஏற்பாடு. நீக்கியதாலேயே நீங்கள் குற்றவாளி ஆகிவிடவில்லை. எதிர் அறிவிப்பு கொடுக்கலாம். புகார் கொடுத்தவர் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் வழக்குத் தொடுக்காவிட்டால் வீடியோ திரும்ப ஏற வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். பிரின்ஸின் பாட்டுக்குத் தன் குழந்தை ஆடும் 29 விநாடி வீடியோவை நீக்கியதற்காக ஒரு தாய் தொடுத்த லென்ஸ் வழக்கில், புகார் அனுப்பும் முன் அது நியாயப் பயன்பாடா என்று உரிமையாளர் யோசித்தே ஆக வேண்டும் என்று 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் எதிர் அறிவிப்பில் பெயர், முகவரி கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். ஆகவே ஆத்திரத்தில் அனுப்பாமல், வீடியோவை ஒருமுறை பார்த்து, எங்காவது பேச்சில்லாமல் வெறும் காட்சி ஓடுகிறதா, பின்னணியில் தேவையில்லாத பாட்டு இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு அனுப்புவது நல்லது.

வழக்கறிஞர் நோட்டீஸே வந்தால், அதில் 63-வது பிரிவு கண்டிப்பாக இருக்கும்: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். படித்தவுடன் வயிற்றைக் கலக்கும். அந்தப் பிரிவு தெரிந்தே செய்யும் மீறலுக்கானது. 52-வது பிரிவுக்குள் வரும் செயல் மீறலே இல்லை. நோட்டீஸில் எழுதாமல் விடப்படுவது 60-வது பிரிவு. பதிப்புரிமை பெயரைச் சொல்லி ஒருவர் ஆதாரமில்லாமல் மிரட்டினால், மிரட்டப்பட்டவரே நீதிமன்றம் போய், “இது மீறல் இல்லை” என்று அறிவிக்கச் சொல்லலாம், மிரட்டல் தொடராமல் தடை கேட்கலாம், இழப்பு இருந்தால் ஈடும் கேட்கலாம். எதிர்த் தரப்பு உரிய விரைவில் மீறல் வழக்குத் தொடுத்து நடத்தினால் மட்டும் இந்த வழி மூடிக்கொள்ளும்.

ஓ.எம்.ஆர். பயிற்சியாளரின் நிறுவனத்துக்கு இத்தனை தூரம் போக விருப்பம் இருக்காது, நியாயம்தான். அவர் சட்டப் பிரிவிடம் கேட்க வேண்டியது சின்ன விஷயம். வங்கிப் பக்கத்தின் மூன்று ஸ்கிரீன்ஷாட்களில் பட்டன் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி, நடிகையின் படத்தை மங்கலாக்கி, கீழே முகவரியும் தேதியும் போட்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன பிழை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் விடுவார்களா? 52(1)(ஏ) பிரிவின் நகலையும் அந்த மின்னஞ்சலோடு இணைத்துவிடலாம்.